மூத்த மனிதவளத் தலைவருக்கான தொழிற்சான்று: தெரிவு, ஆயத்தம், புதுப்பித்தல்

மனிதவளத் துறையில் பத்து, பதினைந்து ஆண்டுகள் பணியாற்றித் துறைத் தலைவர் நிலைக்கு உயர்ந்துவிட்ட ஒருவர் தொழிற்சான்று பெற முனையும்போது அவர் செய்ய வேண்டிய வேலை, இளநிலை அலுவலர் ஒருவர் தேர்வெழுதிச் சான்று பெறும் வேலையிலிருந்து பெரிதும் வேறுபடுகிறது. இளநிலைச் சான்றுகள் ஒருவர் விதிகளையும் நடைமுறைகளையும் அறிந்திருக்கிறாரா என்று சோதிக்கின்றன. மூத்த நிலைச் சான்றுகளோ, நிறுவனம் முழுவதையும் பாதிக்கும் முடிவுகள் எடுக்கப்படும் இடத்தில் அவர் இருந்திருக்கிறாரா, அந்த முடிவுகளை எவற்றை எடைபோட்டு எடுத்தார் என்று ஆராய்கின்றன. எனவே இதற்கான ஆயத்தம் பாடநூலில் தொடங்காமல், விண்ணப்பதாரர் கடந்த சில ஆண்டுகளில் செய்த பணியைத் திரட்டி ஒழுங்குபடுத்துவதில் தொடங்க வேண்டும். இந்த அத்தியாயமும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

தொழிற்சான்று என்று இங்கே குறிப்பிடப்படுவது, குறிப்பிட்ட ஆண்டுகள் அனுபவம் உள்ளவருக்கு, தேர்வு அல்லது மதிப்பீடு ஒன்றின் அடிப்படையில், ஒரு தொழில்முறை அமைப்பு வழங்குகின்ற, உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாவிட்டால் காலாவதியாகின்ற தகுதியாகும். மூன்று நாள் பயிலரங்கின் முடிவிலோ ஆறு மாத இணையவழிப் படிப்பின் முடிவிலோ கிடைக்கும் சான்றிதழ் இதில் அடங்காது. அத்தகைய படிப்புகளால் பயன் உண்டு என்றாலும், அவற்றை முடித்தவர் பெயருக்குப் பின்னால் எழுத்துகளைச் சேர்த்துக்கொள்வது துறையறிந்தோரிடம் நம்பிக்கையைக் குறைக்கவே செய்யும்.

சான்று வழங்கும் அமைப்புகள்

நடைமுறையில் இச்சான்றுகள் இரண்டு வகைப்படும். ஒன்று, தகுதி சரிபார்க்கப்பட்டபின் கணினிவழித் தேர்வு எழுதிப் பெறுவது. மற்றொன்று, செய்த பணிக்கான ஆதாரங்களை முன்வைத்து மதிப்பீட்டாளருடன் உரையாடிப் பெறுவது.

முதல் வகையில் அமெரிக்க அமைப்புகள் இரண்டு முன்னிற்கின்றன. 1948இல் அமெரிக்கப் பணியாளர் நிர்வாகச் சங்கமாகத் தொடங்கி, 1989இல் இன்றைய பெயரைப் பெற்ற எஸ்.ஹெச்.ஆர்.எம். என்னும் மனிதவள மேலாண்மைச் சங்கம், மூத்தோருக்கான ‘எஸ்.ஹெச்.ஆர்.எம்.-எஸ்.சி.பி.’ சான்றை வழங்குகிறது. 1970களிலிருந்து சான்றளிப்பில் ஈடுபட்டுவரும் ஹெச்.ஆர்.சி.ஐ. என்னும் மனிதவளச் சான்றளிப்பு நிறுவனம், அமெரிக்காவில் பணிபுரிவோருக்கு ‘எஸ்.பி.ஹெச்.ஆர்.’ சான்றையும், பிற நாடுகளில் பணிபுரிவோருக்கு அமெரிக்கச் சட்டப் பகுதி நீக்கப்பட்ட ‘எஸ்.பி.ஹெச்.ஆர்.ஐ.’ சான்றையும், பல நாடுகளில் பரவிய பணியாளர்களை நிர்வகிப்போருக்கு ‘ஜி.பி.ஹெச்.ஆர்.’ சான்றையும் வழங்குகிறது. நீண்டகாலம் இணைந்து இயங்கிய இவ்விரு அமைப்புகளும் 2014இல் சான்றளிப்பில் பிரிந்து, எஸ்.ஹெச்.ஆர்.எம். 2015இல் தன் தேர்வுகளைத் தனியே நடத்தத் தொடங்கியது. ஆகவே ஒன்றின் சான்று மற்றதன் சான்றாகாது; பழைய வழிகாட்டிகள் சில இரண்டையும் ஒன்றாகவே விவரிப்பதால் அவற்றை நம்பித் திட்டமிடுதல் கூடாது.

இரண்டாம் வகையின் சிறந்த எடுத்துக்காட்டு பிரிட்டனின் சி.ஐ.பி.டி. அமைப்பு. 1913இல் யார்க் நகரில் தொழிற்சாலை நல அலுவலர்களின் சங்கமாகத் தோன்றி, 2000இல் அரச பட்டயம் பெற்ற இந்த அமைப்பு, ‘பட்டய உறுப்பினர்’, ‘பட்டய ஆய்வுறுப்பினர்’ என்னும் இரு தகுதிகளை மூத்தோருக்கென வைத்துள்ளது. சிங்கப்பூரில் மனிதவள அமைச்சும், தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும், முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2016இல் நிறுவிய ஐ.ஹெச்.ஆர்.பி. அமைப்பு மூன்று படிகளில் சான்றளிக்கிறது. அவற்றுள் மேற்படியான ‘எம்.பி.’ தலைமை நிலையில் உள்ளோருக்குரியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஹெச்.ஆர்.பி.ஏ. அமைப்பு ‘சி.ஹெச்.ஆர்.இ.’ என்னும் நிர்வாகத் தலைமைத் தகுதியை வழங்குவதோடு, துறையினரை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் பெற்றுள்ளது.

இந்தியாவில் நிலைமை வேறு. கொல்கத்தாவிலும் மும்பையிலும் தனித்தனியே தோன்றிய இரு அமைப்புகள் 1980இல் இணைந்து உருவான தேசியப் பணியாளர் மேலாண்மை நிறுவனமும், 1985இல் தொடங்கப்பட்ட தேசிய மனிதவள மேம்பாட்டு வலையமைப்பும் துறையினரை ஒன்றுதிரட்டிவந்தாலும், மனிதவளத் தலைவர் பதவிக்கு எந்தத் தொழிற்சான்றையும் சட்டம் கட்டாயமாக்கவில்லை. சட்டம் தகுதியை வரையறுப்பது நல அலுவலர் பதவிக்குத்தான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலைகளில் அப்பதவியைக் கட்டாயமாக்கி, அதற்கான கல்வித் தகுதியை மாநில விதிகளுக்கு விட்டது. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. வெளிநாட்டுச் சான்று எவ்வளவு உயர்ந்ததாயினும், நல அலுவலருக்கு விதிக்கப்பட்ட பட்டத்துக்கோ பட்டயத்துக்கோ அது ஈடாகாது என்பதை ஆலைப் பணியில் உள்ளவர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

தனக்குரிய சான்றைத் தெரிவு செய்தல்

1. அடுத்த ஐந்தாண்டுகளில் எந்த நாட்டின் தொழிற்சட்டத்தின் கீழ் முடிவெடுக்கப்போகிறோம் என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். சென்னையில் அமர்ந்து அமெரிக்கத் தாய் நிறுவனத்துக்கு அறிக்கை அளிப்பவர்கூட இந்தியப் பணியாளர்களைப் பற்றியே முடிவெடுப்பவராயின், 1938ஆம் ஆண்டு அமெரிக்க ஊதிய, வேலைநேரச் சட்டத்தையும் 1993ஆம் ஆண்டுக் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தையும் எஸ்.பி.ஹெச்.ஆர். தேர்வுக்காகக் கற்பதில் பயன் குறைவு, அவருக்கு எஸ்.பி.ஹெச்.ஆர்.ஐ. பொருந்தும்.

2. தாம் நாடும் பதவிகளுக்கு வந்துள்ள வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் இருபதையேனும் சேகரித்து, எந்தச் சான்று பெயர் சொல்லிக் கேட்கப்படுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். லண்டன், துபாய், சிங்கப்பூர், டொரன்டோ ஆகிய நகரங்களில் வேலை தருவோரின் பழக்கம் ஒன்றாக இருப்பதில்லை.

3. தகுதி விதிகளை அமைப்பின் நடப்பாண்டுக் கையேட்டிலிருந்து நேரடியாகப் படிக்க வேண்டும். எஸ்.சி.பி. சான்றுக்கு உத்திசார் மனிதவளப் பணியில் மூன்றாண்டு அனுபவம் தேவை. அல்லது இளநிலைச் சான்றான சி.பி.யை மூன்றாண்டுகள் வைத்திருந்து, உத்திசார் பொறுப்பில் இருப்பவராகவோ அதற்கு மாறிக்கொண்டிருப்பவராகவோ இருக்க வேண்டும், பட்டப்படிப்பு கட்டாயமில்லை. எஸ்.பி.ஹெச்.ஆர். சான்றுக்கு முதுகலைப் பட்டம் உள்ளவர் 4 ஆண்டும், இளங்கலைப் பட்டம் உள்ளவர் 5 ஆண்டும், பட்டம் இல்லாதவர் 7 ஆண்டும் தொழில்முறை மனிதவளப் பணியில் இருந்திருக்க வேண்டும்.

4. தேர்வெழுதும் முறை, ஆதாரம் அளிக்கும் முறை ஆகிய இரண்டில் தம் இயல்புக்கும் நேரத்துக்கும் ஏற்றது எது என்று இறுதியாக முடிவு செய்ய வேண்டும். தொடர்ந்து பயணம் செய்பவருக்கு நாள் குறித்த தேர்வு சுமையாகலாம்; செய்த பணியை எழுத்தில் வைக்கும் பழக்கம் இல்லாதவருக்கு ஆதாரத் தொகுப்பு அதைவிடப் பெரிய சுமையாகும்.

*குறிப்பு:* ஒரே நேரத்தில் இரண்டு சான்றுகளுக்கு முயல்வது வீண். எஸ்.சி.பி.யும் எஸ்.பி.ஹெச்.ஆரும் ஏறத்தாழ ஒரே பரப்பைச் சோதிப்பவை. இரண்டையும் பெற்றவருக்குப் புதுப்பிக்கும் செலவும் கணக்கும் இரட்டிக்கின்றனவே தவிர, அவருடைய தகுதி அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

அனுபவப் பதிவேடு

மூத்த நிலைச் சான்று முயற்சிகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் என்பதால், இதற்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் கவனம் தேவை. அனுபவம் உள்ளவர்கள் அதை நிறுவ முடியாமல் நிற்பதற்குக் காரணம், பதவிப் பெயரே போதுமான சான்று என்று அவர்கள் கருதுவதுதான். ‘துணைப் பொது மேலாளர், மனிதவளம்’ என்னும் பெயர் ஒரு நிறுவனத்தில் ஊதியப் பட்டியலைச் சரிபார்ப்பவரையும், மற்றொரு நிறுவனத்தில் இரண்டு ஆலைகளை மூடுவதா இணைப்பதா என்று இயக்குநர் குழுவுக்குப் பரிந்துரைப்பவரையும் குறிக்கக்கூடும். மதிப்பீட்டாளர் பெயரைப் பார்க்காமல் பணியைப் பார்ப்பது அதனால்தான்.

உத்திசார் பணி என்பது, நிறுவனத்தின் நீண்டகால நோக்கத்தோடு பணியாளர் கொள்கைகளைப் பிணைத்து, பல துறைகளைப் பாதிக்கும் முடிவுகளை உருவாக்கும் பணி. செயல்நிலைப் பணி என்பது, அப்படி முடிவானதை நாள்தோறும் நடத்திவைக்கும் பணி. இருநூறு பேரை மூன்று மாதத்தில் வேலைக்கு எடுத்து முடித்தது எவ்வளவு கடினமானதாயினும் செயல்நிலைப் பணியே; அந்த இருநூறு பேரை வெளியிலிருந்து எடுப்பதா, ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களுடன் இணைந்து பயிற்சி தந்து உருவாக்குவதா, அல்லது அந்த வேலையை ஒப்பந்ததாரரிடம் விடுவதா என்பதைச் செலவு, சட்டம், தொழிற்சங்க உறவு ஆகியவற்றை எடைபோட்டுத் தீர்மானித்தது உத்திசார் பணி.

பதிவேட்டைக் கீழ்க்காணும் வரிசையில் உருவாக்கலாம்.

1. கடந்த ஏழெட்டு ஆண்டுகளை ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நாட்காட்டி ஆண்டுகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டுக்கும் பதவி, யாருக்கு அறிக்கை அளித்தது, பொறுப்பில் இருந்த பணியாளர் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு வரியில் குறிக்க வேண்டும். நிதியாண்டு வாரியாகக் கணக்கிடும் வழக்கம் இங்கே இடையூறு செய்யும், எஸ்.ஹெச்.ஆர்.எம். நாட்காட்டி ஆண்டையே அளவாகக் கொள்கிறது.

2. அவ்வாண்டில் உத்திசார் பணிக்குச் செலவான நேரத்தை மதிப்பிட வேண்டும். ஓராண்டு அனுபவமாக எண்ணப்படுவதற்கு அவ்வாண்டில் குறைந்தது 1,000 மணி நேரம் அப்பணியில் செலவாகியிருக்க வேண்டும் என்பது எஸ்.சி.பி.யின் விதி; வாரம் 20 மணி நேரம் வீதம் 50 வாரங்களில் அது நிறைவேறும். ஓர் ஆண்டில் 2,000 மணி நேரம் உழைத்ததைக் காட்டி இரண்டு ஆண்டுகளாகக் கணக்கிட முடியாது.

3. ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முடிவுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுத வேண்டும். அப்போதிருந்த நிலைமை, முன்னிருந்த வழிகள், தாம் பரிந்துரைத்தது, அதை எதிர்த்தவர்கள் சொன்ன காரணம், இறுதி முடிவு, எவ்வளவு காலத்துக்குப் பின் எந்த அளவுகோலால் விளைவு அளக்கப்பட்டது ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். எதிர்ப்பைப் பற்றிய வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்த வரிதான் முடிவின் கனத்தைக் காட்டுகிறது.

4. ‘நாங்கள்’ என்று எழுதப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் விண்ணப்பதாரர் தனித்துச் செய்தது எது என்று பிரித்தெழுத வேண்டும். கூட்டு முயற்சியைத் தன்னுடையதாகச் சொல்லிக்கொள்வது நமது பண்புக்கு ஒவ்வாதது என்ற தயக்கம் தமிழ்ச் சூழலில் வளர்ந்தோரிடம் இயல்பானது, மதிக்கத்தக்கதும்கூட. எனினும் ஒருவரை மதிப்பிட வந்தவருக்குக் குழுவின் சாதனையை மட்டும் காட்டினால் அவரால் மதிப்பெண் இட இயலாது. குழுவின் பங்கை ஒரு வாக்கியத்தில் ஏற்றுக்கொண்டு, அடுத்த வாக்கியத்தில் தம் பங்கைக் கூறுவது நேர்மையான வழி.

5. உள்ளூர் வழக்குச் சொற்களை விளக்க வேண்டும். ‘18(1) ஒப்பந்தம் முடித்தேன்’ என்று எழுதினால் சென்னையில் எல்லோருக்கும் புரியும். ஆனால் வெளிநாட்டு மதிப்பீட்டாளருக்கு, 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி சமரச அலுவலர் இல்லாமல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் நேரடியாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் 18(1) என்றும், சமரச அலுவலர் முன்னிலையில் முடிந்தது 12(3) என்றும் சொன்னால்தான் அந்தப் பேச்சுவார்த்தையின் அருமை விளங்கும்.

6. பணியை உறுதிப்படுத்தக்கூடிய மேலதிகாரிகளிடம் முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். முன்னாள் நிறுவனத்தின் மேலதிகாரி ஓய்வு பெற்றிருந்தாலோ வேறிடம் சென்றிருந்தாலோ, பணி ஆணை, பதவி உயர்வுக் கடிதம், பணி விடுவிப்புக் கடிதம் ஆகியவற்றைத் தேடி எடுத்து வைப்பது நலம்.

பாதுகாப்பு எச்சரிக்கை: பிறருடைய தகவல்கள்

மனிதவளத் தலைவரின் ஆதாரங்கள் பிற மனிதர்களின் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால், இதில் காட்டும் அலட்சியம் சான்றையும் வேலையையும் ஒருசேரப் பறித்துவிடும். பாலியல் துன்புறுத்தல் புகார் விசாரணை, மருத்துவக் காரணத்தால் நேர்ந்த பணிநீக்கம், தனிநபர் ஊதியம் ஆகியவை தொடர்பான கோப்புகளை ஆதாரமாக இணைக்கவே கூடாது. 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு புகாரின் உள்ளடக்கத்தையும் தொடர்புடையோரின் அடையாளத்தையும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுச் சட்டம் ஆகியவையும் கருதத்தக்கவை.

பெயரை மட்டும் நீக்குவது போதாது. ‘ஒரே பெண் ஆலை மேலாளர்’ என்பது போன்ற விவரம் பெயரில்லாமலேயே ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே பதவி, பாலினம், ஊர், ஆண்டு ஆகியவற்றுள் முடிவை விளக்கத் தேவைப்படாதவற்றை நீக்கிவிட வேண்டும். எண்ணிக்கைகளை விழுக்காடாக மாற்றலாம். நிறுவன ஆவணம் எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாமல், தேவையானவற்றைப் புதிதாக எழுதிக்கொள்ளலாம். இன்னும் வெளியிடப்படாத இணைப்பு, ஆட்குறைப்பு போன்ற திட்டங்களை அறவே தவிர்க்க வேண்டும்.

விண்ணப்பமும் பெயரும்

விண்ணப்பப் படிவம் எளியது. ஆனால் தமிழர்களின் பெயர் வழக்கம் இங்கே தொல்லை தருகிறது. தந்தையின் பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்பவருக்குக் கடவுச்சீட்டில் அது விரிந்த குடும்பப் பெயராகவும், பட்டச் சான்றிதழில் ஓரெழுத்தாகவும், ஆதார் அட்டையில் வேறோர் எழுத்துக்கூட்டலிலும் இருக்கக்கூடும். தேர்வு மையத்தில் காட்டப்படும் அரசு அடையாள ஆவணமும் பதிவுப் பெயரும் பொருந்தாவிட்டால் தேர்வெழுத அனுமதி மறுக்கப்படும், கட்டணமும் இழக்க நேரிடும். ஆகவே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயரைப் பதிவு செய்து, பட்டச் சான்றிதழில் வேறுபாடு இருந்தால் அதற்கான விளக்கத்தை அமைப்பின் அலுவலகத்துக்கு முன்னரே எழுதி, வந்த பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும்.

கட்டணம் ஆண்டுதோறும் மாறுவது; உறுப்பினருக்கும் மற்றவருக்கும் வேறுபடுவது. அதை அமைப்பின் தளத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். எஸ்.ஹெச்.ஆர்.எம். தேர்வுகள் ஆண்டில் இரு பருவங்களில் நடைபெறுகின்றன: மே 1 முதல் ஜூலை 15 வரை, டிசம்பர் 1 முதல் பிப்ரவரி 15 வரை. ஊதிய உயர்வு, ஆண்டு மதிப்பீடு ஆகிய வேலைகள் குவியும் மார்ச், ஏப்ரல் மாதங்களை ஆயத்தத்துக்கு நம்ப முடியாத இந்திய மனிதவளத் தலைவருக்கு டிசம்பர் பருவமே பெரும்பாலும் உகந்தது.

தேர்வுக்கான ஆயத்தம்

எஸ்.சி.பி. தேர்வில் 134 வினாக்களுக்கு 3 மணி 40 நிமிடம் தரப்படுகிறது. அதாவது வினாவுக்குச் சுமார் 98 நொடி. எஸ்.பி.ஹெச்.ஆர். தேர்வில் மதிப்பெண்ணுக்குரிய 115 வினாக்களோடு பரிசோதனைக்காகச் சேர்க்கப்பட்ட 25 வினாக்களும் உண்டு. மொத்தம் 140 வினாக்களுக்கு 2 மணி 30 நிமிடம் என்பதால் வினாவுக்குச் சுமார் 64 நொடியே கிடைக்கும். எஸ்.சி.பி. தேர்வில் 54 வினாக்கள் சூழ்நிலைத் தீர்ப்பு வினாக்கள், அதாவது பணியிடத்தில் நேரும் ஒரு சிக்கலை விவரித்து, தரப்பட்ட வழிகளுள் மிகச் சிறந்ததைக் கேட்பவை. இரண்டு தேர்வுகளும் வெவ்வேறு வேகத்தைக் கோருவதால், ஒன்றுக்கான மாதிரி வினாக்களை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவது தவறான பழக்கத்தை உண்டாக்கும்.

1. பாடப் பொருட்களை வாங்குவதற்கு முன், அமைப்பு இலவசமாக வெளியிடும் பாட வரையறையைப் பதிவிறக்கி, ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே தம் நேரடி அனுபவத்தை ‘முடிவெடுத்தது’, ‘மேற்பார்த்தது’, ‘அறியாதது’ என மூன்றாகக் குறிக்க வேண்டும்.

2. ஒரு மாதிரித் தேர்வை ஆயத்தமின்றி எழுதி, வந்த மதிப்பெண்ணை இந்தக் குறிப்போடு ஒப்பிட வேண்டும். ‘மேற்பார்த்தது’ என்று குறிக்கப்பட்ட தலைப்புகளில்தான் மூத்தோர் பெரும்பாலும் சறுக்குவர். பிறரிடம் ஒப்படைத்துவிட்ட வேலையின் நுட்பம் காலப்போக்கில் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது.

3. முதல் இரண்டு மாதங்களை இந்தப் பலவீனமான தலைப்புகளுக்கே ஒதுக்க வேண்டும். தொழிலுறவில் ஊறியவர் ஊதிய அமைப்பு வடிவமைப்பையும், ஆட்சேர்ப்பில் வளர்ந்தவர் தொழிலுறவையும் முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

4. நிதிநிலை அறிக்கையைப் படிக்கக் கற்க வேண்டும். இலாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்க அறிக்கை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புறுகின்றன என்று தெரியாதவர் தலைமை, உத்தி ஆகிய பகுதிகளில் தடுமாறுவார், எஸ்.பி.ஹெச்.ஆர். தேர்வில் மிகுந்த எடையுள்ள பகுதியும் அதுவே. தம் நிறுவனத்தின் ஆண்டறிக்கையையே பாடமாகக் கொண்டு, நிதித்துறை நண்பர் ஒருவரிடம் இரண்டு அமர்வுகளில் கேட்டறிவது பாடநூலைவிட விரைந்து பயன் தரும்.

5. மூன்றாம் மாதத்திலிருந்து நாள்தோறும் ஐந்து சூழ்நிலை வினாக்களை எடுத்து, விடையைச் சரிபார்ப்பதற்கு முன், தள்ளிய ஒவ்வொரு வழியையும் ஏன் தள்ளினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

6. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, முழு நேரத் தேர்வு ஒன்றை இடைவெளியின்றி எழுதிப் பார்க்க வேண்டும். கூட்டங்களிலும் தொலைபேசியிலும் நாளைக் கழிக்கும் ஒருவர் மூன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் மௌனமாக அமர்ந்து படிப்பதற்கு உடலையும் பழக்கவேண்டியிருக்கிறது.

சூழ்நிலை வினாவை அணுகும் முறை

இவ்வகை வினாவின் இயல்பை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு நிறுவனம் மற்றொன்றை வாங்கியுள்ளது. ஒரே வேலைக்கு இரண்டு ஆலைகளிலும் ஊதியம் வேறுபடுகிறது. ஓர் ஆலையில் ஊதிய ஒப்பந்தம் முடிய இன்னும் 18 மாதங்கள் உள்ளன. மூன்று மாதத்தில் ஒரே ஊதிய அமைப்பு வேண்டும் என்று நிர்வாக இயக்குநர் கேட்கிறார். தரப்படும் வழிகள்: உடனே புதிய அமைப்பை அறிவித்தல், ஒப்பந்தம் முடியும்வரை எதையும் தொடாதிருத்தல், ஊதிய ஆலோசனை நிறுவனம் ஒன்றிடம் பணியை ஒப்படைத்தல், வேறுபாட்டின் அளவு, ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு, செலவு ஆகியவற்றை முன்வைத்துப் படிப்படியான திட்டங்களை நிர்வாகக் குழுவோடு விவாதித்தல்.

நான்கும் ஏதோவொரு நிறுவனத்தில் நடப்பவையே. முழுதும் தவறென்று ஒதுக்கத்தக்கது எதுவுமில்லை. முதலாவது சட்டச் சிக்கலை வரவழைக்கும். இரண்டாவது சட்டப்படி பிழையற்றது, ஆயினும் தலைமையின் தேவைக்கு விடையளிக்காதது. மூன்றாவது பொறுப்பைக் கைமாற்றுகிறது. நான்காவது, தகவலைத் திரட்டி, பாதிக்கப்படுவோரைக் கணக்கில் கொண்டு, முடிவெடுக்கும் இடத்துக்கே சிக்கலைக் கொண்டுசெல்வதால் மூத்த நிலைக்குரிய விடையாகிறது. இளநிலைத் தேர்வில் இதே சூழ்நிலை வந்தால், இரு ஆலைகளின் ஊதியத் தரவை ஒப்பிட்டு மேலதிகாரிக்கு அளிப்பதே சிறந்த விடையாக இருந்திருக்கும். ‘இந்த நாற்காலியில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்’ என்று கேட்டுக்கொள்வது விடையின் மட்டத்தைச் சரியாகக் காட்டும்.

*அடிக்கடி நேரும் பிழை:* தம் நிறுவனத்தில் அப்போது என்ன செய்தோமோ அதையே விடையாகத் தேர்ந்தெடுப்பது. நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கே இது அதிகம் நேர்கிறது. குறிப்பிட்ட ஒரு முதலாளியின் சுபாவத்துக்கோ சங்கத் தலைவரின் போக்குக்கோ ஏற்றபடி செய்த ஏற்பாடு, அந்த இடத்தில் பலன் தந்திருந்தாலும், வினாவில் தரப்படாத தகவலைச் சார்ந்தது. வினாவில் உள்ளதை மட்டும் கொண்டு தீர்ப்பது ஒரு பயிற்சி. அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

பாதுகாப்பு எச்சரிக்கை: விற்கப்படும் வினாக்கள்

‘நேற்று வந்த வினாக்கள்’ என்று குழுக்களில் விற்கப்படுவனவற்றைத் தொடக்கூடாது. தேர்வெழுதுவோர் ஒவ்வொருவரும் இரகசிய உறுதிமொழியை ஏற்றே தேர்வுக்குள் நுழைகின்றனர். வினாக்களைப் பெறுவதும் பகிர்வதும் அந்த உறுதிமொழியை மீறுவதாகும், பெற்ற சான்று பின்னர் பறிக்கப்படவும் கூடும். ஊழியர்களின் நேர்மையை விசாரிக்கும் பொறுப்பில் இருப்பவருக்கு இந்த மீறல் மற்றவர்களைவிடப் பெரிய இழுக்கு. தேர்வின்றி, கட்டணத்துக்கு மட்டும், ‘உலகத் தரச் சான்று’ தரும் நிறுவனங்களை அடையாளம் காண மூன்று கேள்விகள் போதும்: அனுபவத்தைச் சரிபார்க்கிறார்களா, சான்று பெற்றோர் பட்டியலைப் பொதுவில் சரிபார்க்க முடிகிறதா, மீறலுக்குச் சான்றை நீக்கும் விதி உண்டா.

ஆதாரவழி மதிப்பீடு

சி.ஐ.பி.டி.யின் அனுபவ மதிப்பீட்டில் விண்ணப்பதாரர் அதன் தொழில் வரைபடத்தோடு தம் பணியைப் பொருத்திக் காட்ட வேண்டும். 2018இல் வெளியான அந்த வரைபடம் அடிப்படை அறிவு, அடிப்படை நடத்தைகள், சிறப்பறிவு ஆகிய பகுதிகளைக் கொண்டது. கொள்கை வழி நிற்றல், ஆதாரத்தின் அடிப்படையில் செயல்படுதல், விளைவை நோக்குதல் ஆகிய மூன்றும் அதன் மையத்தில் உள்ளன. மேலே விவரித்த பதிவேடு இருந்தால் இந்தப் பணி பாதி முடிந்ததாகும்; ஒவ்வோர் அரைப் பக்கத்தின் ஓரத்திலும் அது வரைபடத்தின் எந்தப் பகுதிக்கு ஆதாரம் என்று குறித்துக்கொண்டு, ஆதாரமில்லாத பகுதி எதுவென்று பார்த்தால் போதும்.

மதிப்பீட்டாளருடனான உரையாடலுக்கு விடைகளை மனப்பாடம் செய்வது பயன் தராது. எழுதியதை ஒட்டியே துணைக் கேள்விகள் வரும்: வேறு வழி ஏன் கருதப்படவில்லை, எந்தத் தரவு போதாமல் இருந்தது, இன்று அதே முடிவை எடுப்பீர்களா. ஒரு முடிவு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்றால் அதை மறைக்காமல், எப்போது அறிந்து எப்படித் திருத்தப்பட்டது என்று கூறுவதே உயர்ந்த மதிப்பைப் பெறும். துறையிலேயே வேறு நிறுவனத்தில் பணிபுரியும் ஒருவரை அமர்த்தி, அவர் விரும்பும் இடத்தில் குறுக்கிட்டுக் கேட்கும்படி இரண்டு முறை பயிற்சி செய்வது நல்லது. உடன் பணிபுரிபவருக்குப் பின்னணி தெரியும் என்பதால் அவரால் உரிய கேள்விகளைக் கேட்க முடியாது.

புதுப்பித்தல்

எஸ்.சி.பி. சான்றுக்கு மூன்றாண்டுகளில் 60 தொழில் மேம்பாட்டுப் புள்ளிகள் தேவை; இல்லையேல் மீண்டும் தேர்வெழுத வேண்டும். எஸ்.பி.ஹெச்.ஆர். சான்றுக்கும் மூன்றாண்டுகளில் 60 புள்ளிகளே. ஆனால் அவற்றுள் 15 புள்ளிகள் வணிக மேலாண்மை தொடர்பானவையாக இருக்க வேண்டும். இந்த 15 புள்ளிகளை மறந்துவிட்டு, மனிதவளக் கருத்தரங்குகளிலேயே 60 புள்ளிகளையும் நிரப்பியவர்கள் கடைசி மாதத்தில் அலைய நேரிடுகிறது. நிதி, சந்தை, உத்தி ஆகிய தலைப்புகளில் முதலாண்டிலேயே அவற்றைத் தேடிக்கொள்ள வேண்டும்.

1. சான்று பெற்ற நாளிலேயே காலாவதித் தேதியையும், அதற்கு ஆறு மாதம் முந்தைய தேதியையும் நாட்காட்டியில் குறிக்க வேண்டும்.

2. ஒவ்வொரு நிகழ்வும் முடிந்த வாரத்திலேயே வருகைச் சான்று, நிகழ்ச்சி நிரல், நேரம் ஆகியவற்றை ஒரே கோப்புறையில் சேர்க்க வேண்டும். அமைப்புகள் சிலருடைய புள்ளிகளைத் தணிக்கைக்கு எடுப்பதுண்டு. அப்போது நிகழ்ச்சி நடத்தியவரிடம் பழைய ஆவணம் கேட்பது பெரும்பாலும் பலிக்காது.

3. ஆண்டுக்கு 20 புள்ளிகள் என்று பிரித்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியை இளையோருக்குப் பாடம் நடத்துவது, கட்டுரை எழுதுவது போன்றவற்றால் ஈட்டலாம்.

சான்று காலாவதியாகிவிட்டால் அன்றே பெயர் அட்டை, மின்னஞ்சல் கையொப்பம், சுயவிவரக் குறிப்பு ஆகியவற்றிலிருந்து அந்த எழுத்துகளை நீக்கிவிட வேண்டும். ஒன்டாரியோவில் உரிமையற்றவர் அத்தகுதிப் பெயரைப் பயன்படுத்துவதைச் சட்டமே தடை செய்கிறது. சட்டம் குறுக்கிடாத நாடுகளிலும், பணியாளர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் பொறுப்பில் உள்ளவருடைய சான்றை யாரேனும் ஒருநாள் சரிபார்ப்பார்கள்.